மாடிப்படிக் கைப்பிடியில் கண்ணாடி: நானே மாற்றலாமா, 10 மி.மீ. போதுமா?

மாடிப்படியில் வரிசையாக நிற்கும் மரக் கம்பிகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி வைக்க ஆசை, ட்ரில்லும் ரம்பமும் ரசமட்டமும் பிடித்து வேலை செய்யத் தெரியும், ஆள் வைக்காமல் நானே செய்யலாமா, 10 மி.மீ. கண்ணாடி போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தடிமனைத்தான் கேட்டிருக்கிறீர்கள் என்றாலும், அதற்குப் பின்னால் இருக்கும் கேள்வி வேறு என்று படுகிறது. யாராவது படியில் கால் இடறி, முழுப் பாரத்தோடு அந்தக் கைப்பிடி மேல் சாய்ந்தால், நான் பொருத்தியது தாங்குமா? அதற்குப் பதில் சொன்னால் தடிமன் தானாக வந்துவிடும்.

கண்ணாடி வெட்டி, விளிம்பு தேய்த்து, துளையிட்டு அனுப்பும் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டு, பிறகு பல வருடங்களாக வீடுகளில் பொருத்தும் வேலையைச் செய்துவருகிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: நீங்களே செய்யலாம், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பாரத்தைப் போஸ்டும் (கைப்பிடியைத் தாங்கி நிற்கும் தூண்) கைப்பிடியும் தாங்க வேண்டும். கண்ணாடி நடுவில் இருக்கும் இடைவெளியை அடைக்க மட்டுமே இருக்க வேண்டும். போஸ்டே இல்லாமல், தரையோடு ஒட்டிய அலுமினியச் சேனலுக்குள் கண்ணாடியைச் செருகி, அதுவே சுவராக நிற்கும் அமைப்பை நீங்களாகச் செய்யாதீர்கள். அங்கே கண்ணாடியே கட்டமைப்பு. அதைக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும்.

பாரம் என்று ஏன் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்பதற்கு எண்களைப் பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் வசிக்கும் வீட்டின் படித்தடுப்பு, மேல்விளிம்பில் மீட்டருக்கு 0.36 கிலோநியூட்டன் பக்கவாட்டு விசையைத் தாங்க வேண்டும். ஒவ்வொரு மீட்டரையும் ஏறத்தாழ 37 கிலோ பாரம் வெளியே தள்ளுவதற்குச் சமம் இது. அமெரிக்க விதியில் கைப்பிடியின் எந்த ஒரு புள்ளியில் தள்ளினாலும் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ தாங்க வேண்டும். இந்த 90 கிலோ 900 மி.மீ. உயரத்தில் ஒரு போஸ்டின் தலையைத் தள்ளுகிறது என்று வையுங்கள். அடித்தகட்டில் முன்வரிசை போல்ட்டுக்கும் பின்வரிசை போல்ட்டுக்கும் இடையே 80 மி.மீ. இருந்தால், உயரத்தை இடைவெளியால் வகுக்க 11 மடங்குக்கு மேல் வருகிறது. அதாவது 1000 கிலோவுக்கு மேற்பட்ட விசை, இழுபடும் பக்கத்து வரிசை போல்ட்டுகளைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. இவ்வளவையும் கண்ணாடி சந்திப்பதில்லை, போஸ்டின் அடிதான் சந்திக்கிறது. அதனால்தான் வேலையை அடியிலிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

மரப்படி என்றால் பலர் கவனிக்காத இன்னொன்று இருக்கிறது. இப்போது நிற்கும் மரக் கம்பிகள் இடைவெளியை அடைப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கம்பியும் கைப்பிடியைக் கீழே இருக்கும் சாய்வுச் சட்டத்தோடு கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை எல்லாம் கழற்றினால், கைப்பிடி மேல்போஸ்டுக்கும் கீழ்ப்போஸ்டுக்கும் இடையே அந்தரத்தில் தொங்கும் ஒரு நீளமான கட்டை. மூன்று மீட்டர் நீளம் என்றால் நடுவில் கை வைத்துத் தள்ளும்போதே வளைவது தெரியும். கண்ணாடியைக் கிளாம்ப் (விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் பிடி) போட்டு மாட்டிவிட்டால் அந்த வளைவைக் கண்ணாடி தடுக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்போது நாம் அடைப்புக்காக வைத்த கண்ணாடியைத் தாங்கும் வேலைக்கு இழுத்துவிடுகிறோம். அதனால் நடுவில் போஸ்டுகள் சேர்க்க வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் 1.2 மீட்டருக்கு ஒன்று என்று வைப்பதுதான் என் வழக்கம். இதைவிட அகலமான கண்ணாடி பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் தனியாக வேலை செய்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கம்பிகளில் கை வைக்கும் முன் இருக்கும் போஸ்டுகளைச் சோதியுங்கள். போஸ்டின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, படிக்கு வெளிப்பக்கமும் உள்பக்கமும் மெதுவாகத் தள்ளி இழுங்கள். வேறொருவரை அடியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தலை அசைவது எப்போதும் தெரியும். அடியில் தரைக்கும் மரத்துக்கும் நடுவே மயிரிழை அளவாவது ஒரு இடைவெளி திறந்து மூடுகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. திறந்தால் அந்த போஸ்ட் மேல்பலகையில் மட்டும் ஆணி அடித்து நிற்கிறது. பலகைக்கு அடியில் ஓடும் உத்தரக்கட்டையோடு போல்ட் போட்டுப் பிணைக்காமல் மேற்கொண்டு போகாதீர்கள். பசை ஊற்றி, பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ முறுக்கிச் சரிசெய்தது சில மாதங்களில் மீண்டும் ஆடும்.

கான்கிரீட் படி என்றால் கவலை வேறு. போஸ்டை ஓரத்தோடு ஓரமாக வைத்தால் இடம் மிச்சமாகும் என்று எல்லோருக்கும் ஆசை இருக்கும். ஆனால் முறுக்கும்போது விரிந்து பிடிக்கும் ஆங்கர் போல்ட், படியின் விளிம்புக்கு அருகே போனால் அந்த விளிம்பையே பெயர்த்துவிடும். ஓரத்தில் பொருத்தியே ஆக வேண்டிய இடத்தில் ரசாயன ஆங்கர் (துளையில் பசை நிரப்பிப் பதிக்கும் போல்ட்) நல்லது, அது விரிந்து தள்ளாது. துளையை ஊதி, பிரஷ் விட்டுத் துடைத்து, மறுபடி ஊதிய பிறகே பசையை நிரப்ப வேண்டும். தூசி இருந்தால் பசை கான்கிரீட்டைப் பிடிக்காமல் தூசியைப் பிடித்துக்கொள்ளும். மேலே ஒட்டிய டைல்ஸோ கிரானைட்டோ, அதன் கீழ் இருக்கும் சாந்துப் படுகையோ ஆழக் கணக்கில் சேராது. போல்ட் கான்கிரீட்டுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே கணக்கு. விளிம்பிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி வைக்கலாம் என்பது ஒவ்வொரு ஆங்கருக்கும் மாறும். அந்த ஆங்கரின் தயாரிப்பாளர் கொடுத்த அட்டவணையில் இருக்கும் எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், என் எண்ணை அல்ல.

இனி கண்ணாடிக்கு வருவோம். இதில் உறுதியாகச் சொல்லக்கூடியது நிறைய இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் படியில் வைக்கக் கூடாது. உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகளாக விழும். டஃபன்டு கண்ணாடி என்பது அதே கண்ணாடியை 620 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் வேகமாகக் காற்றடித்துக் குளிர்வித்தது. வெளிப்பரப்பு முதலில் இறுகி, உள்பகுதி பிறகு சுருங்குவதால், மேற்பரப்பு எப்போதும் அமுக்கத்திலும் நடுப்பகுதி இழுவையிலும் இருக்கும். அதனால் நான்கு ஐந்து மடங்கு வலிமை வருகிறது. உடைந்தால் சிறு சிறு கட்டிகளாக நொறுங்குகிறது. இந்த உள்ளழுத்தம்தான் இன்னொரு விஷயத்தையும் தீர்மானிக்கிறது. டஃபன் செய்த பிறகு அதை வெட்டவோ, துளையிடவோ, விளிம்பில் ஒரு மி.மீ. தேய்க்கவோ முடியாது. முயன்றால் முழுப் பலகையும் நொறுங்கும். மரவேலை செய்பவருக்கு ‘கொஞ்சம் பெரிதாக வெட்டிவிட்டு அப்புறம் சீவிக்கொள்ளலாம்’ என்ற பழக்கம் கையோடு இருக்கும். அந்தப் பழக்கம் இங்கே செல்லாது.

டஃபன்டு ஒற்றைக் கண்ணாடி உடைந்தால் அந்த இடம் உடனே வெறுமையாகிவிடும். சாய்ந்து நின்றவருக்குப் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது, கீழே நிற்பவர் தலையில் கண்ணாடிக் கட்டிகள் கொட்டும். இது அடித்து உடைந்தால் மட்டும் நடப்பதல்ல. கண்ணாடி உருக்கும்போது உள்ளே சிக்கிய நுண்ணிய நிக்கல் சல்ஃபைடு துகள், மாதங்களோ வருடங்களோ கழித்து மெல்லப் பருத்து, யாரும் தொடாமலேயே பலகையை உடைக்கக்கூடும். அபூர்வம்தான், ஆனால் நடக்கும். இதற்காகவே ‘ஹீட் சோக்’ என்று ஒரு சோதனை இருக்கிறது. டஃபன் செய்த பலகைகளை மறுபடி 260 முதல் 290 டிகிரி வரை சூடாக்கி வைத்திருப்பார்கள். உடைய வேண்டியது பெரும்பாலும் அங்கேயே உடைந்துவிடும். அபாயம் மிகவும் குறையும், அடியோடு போய்விடாது. ஆர்டர் கொடுக்கும்போது இதைக் கேட்டு வாங்குங்கள்.

லேமினேட்டட் கண்ணாடி இந்த வெறுமைக்கு விடை. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலத்தை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியது. உடைந்தாலும் துண்டுகள் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு தகடும் டஃபன்டாக இருந்து இரண்டுமே உடைந்தால், பி.வி.பி. படலம் மட்டும் மிஞ்சி நனைந்த துணி போலத் துவண்டுவிடும். நான்கு பக்கமும் சட்டத்துக்குள் இருந்தால் அது பரவாயில்லை, தொங்கியபடி தடுத்து நிற்கும். நான்கு கிளாம்பில் மட்டும் நின்றால் நழுவி வெளியே வந்துவிடலாம். அயனோபிளாஸ்ட் என்ற விறைப்பான படலம் போட்டது உடைந்த பிறகும் நிமிர்ந்து நிற்கும், விலை கூடுதல். என் கருத்தைக் கேட்டால், மேல்தளத்தில் படிக்கட்டின் வாயைச் சுற்றி நிற்கும் தடுப்பு, கீழே ஆட்கள் நடமாடும் வழிக்கு மேலே இருக்கும் பலகைகள், குழந்தைகள் ஓடும் வீடு, இந்த மூன்றில் எது பொருந்தினாலும் லேமினேட்டட்தான் போடுவேன்.

அப்படியானால் 10 மி.மீ. போதுமா? நான் மேலே சொன்னபடி போஸ்டும் கைப்பிடியும் தனியாகவே பாரத்தைத் தாங்கி, பலகையின் அகலம் ஒரு மீட்டர் அளவில் இருந்தால், 10 மி.மீ. டஃபன்டு இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் அளவு. மேலும் கீழும் காடிக்குள் (சட்டத்தில் வெட்டிய நீளப் பள்ளம்) முழு நீளம் உட்காரும் என்றால் 8 மி.மீ. கூடப் பல இடங்களில் போடுகிறார்கள். லேமினேட்டட் என்றால் நான்கும் நான்குமாக நடுவே 0.76 படலத்தோடு 8.76 மி.மீ., அல்லது ஐந்தும் ஐந்துமாக 10.76 மி.மீ. வரும். கைப்பிடியே கண்ணாடியின் தலையில் உட்காரும் அமைப்புக்கும், கண்ணாடியைத் துளையிட்டுப் படியின் பக்கவாட்டில் பொத்தான் போல்ட்டால் தொங்கவிடும் அமைப்புக்கும் இந்த எண்கள் பொருந்தாது. அவற்றின் தடிமனை, படத்தைப் பார்க்காமல் யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்தான். உங்கள் ஊரில் கட்டட விதி லேமினேட்டட்தான் வேண்டும் என்று சொல்கிறதா, தடுப்பு எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதையும் உள்ளூர் அலுவலகத்தில் கேட்டே முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்தில் வீட்டுப் படிக்கு 900 மி.மீ., அமெரிக்க வீடுகளில் மேல்தளத் தடுப்புக்கு 36 அங்குலம் என்று இடத்துக்கு இடம் மாறும். 100 மி.மீ. விட்டமுள்ள பந்து எந்த இடைவெளியிலும் நுழையக் கூடாது என்பது மட்டும் பல நாடுகளில் பொதுவாக இருக்கிறது. ஒரு குழந்தையின் தலையை வைத்துப் போட்ட கணக்கு அது. கண்ணாடியின் கீழ் விளிம்புக்கும் படிக்கும் இடையில் வரும் முக்கோண இடைவெளியையும் சேர்த்து அளந்து பாருங்கள், அதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

இந்த வேலையின் உயிர் அளவெடுப்பதில் இருக்கிறது. சாய்வுப் பலகை செவ்வகம் அல்ல, இணைகரம். பக்கவாட்டு விளிம்புகள் செங்குத்தாக இருக்கும், மேல் கீழ் விளிம்புகள் படியோடு சாயும். ஒரு எடுத்துக்காட்டு. படியின் சரிவு 40 டிகிரி, பலகையின் கிடைமட்ட அகலம் 900 மி.மீ., செங்குத்து விளிம்பு 700 மி.மீ. அப்போது சாய்ந்த விளிம்பின் நீளம் 1175 மி.மீ. வரும். மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவே மூலைமட்டம் வைத்து நேர்குறுக்காக அளந்தால் 536 மி.மீ. தான் வரும். நீங்கள் ‘உயரம் 700’ என்று மட்டும் எழுதிக் கொடுத்து, பட்டறையில் இருப்பவர் அதை நேர்குறுக்கு அளவாக எடுத்துக்கொண்டால், செங்குத்து விளிம்பு 914 மி.மீ. ஆகிவிடும். பலகை கைப்பிடியைத் தாண்டி நிற்கும், திருத்தவும் முடியாது. எனவே நான்கு விளிம்பின் நீளத்தோடு இரண்டு மூலைவிட்டத்தையும் எழுதுங்கள். இதே பலகைக்கு அவை 1711, 902. நான்கு பக்கமும் இரண்டு மூலைவிட்டமும் இருந்தால் அந்த வடிவத்தைத் தவறாகப் புரிந்துகொள்ள வழியே இல்லை.

அதைவிட நல்லது மாதிரி செய்து கொடுப்பது. நாலு மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பட்டைகளை இடைவெளிக்குள் வைத்து, விளிம்பு விளிம்பாகச் சரிபார்த்து, மூலைகளில் சூடான பசையால் ஒட்டினால் ஒரு சட்டம் கிடைக்கும். அதன் மேல் எது மேல்புறம், எது நடப்பவர் பக்கம், எந்த எண் பலகை என்று பெரிதாக எழுதிவிடுங்கள். எல்லா இடைவெளியும் ஒன்று போலத் தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி வேண்டும். ஒரே படியில் அடுத்தடுத்த போஸ்டுகளுக்கு நடுவே நாலைந்து மி.மீ. வித்தியாசம் இருப்பது சர்வசாதாரணம். அளவெடுப்பதற்கு முன் ஒவ்வொரு போஸ்டையும் ரசமட்டத்தால் இரண்டு திசையிலும் பாருங்கள். போஸ்ட் சாய்ந்திருந்தால் முதலில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் மாதிரி எடுக்க வேண்டும். தெளிவான கண்ணாடி என்றால் இடம் வலம் மாறினாலும் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக்கிய கண்ணாடியில் அது நடக்காது, சொரசொரப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதைப் படத்திலேயே குறித்தாக வேண்டும்.

ஆர்டர் கொடுக்கும்போது இன்னும் சில. துளை வேண்டுமானால் அதன் விட்டம் கண்ணாடியின் தடிமனைவிடக் குறையக் கூடாது. துளையின் ஓரத்துக்கும் பலகையின் விளிம்புக்கும் இடையே தடிமனைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும், மூலைக்கு அருகே அதைவிட அதிகம். சாய்வுப் பலகையில் இரண்டு மூலைகள் கூராக வரும், 40 டிகிரி சரிவில் அவை 50 டிகிரி. அந்த நுனிகளைச் சில மி.மீ. மழுக்கித் தரச் சொல்லுங்கள். கூர்நுனி டஃபன் செய்யும் அடுப்பிலும் உடையும், வீட்டில் தூக்கும்போதும் முதலில் இடிபடும். எல்லா விளிம்பும் தேய்த்து மெருகேற்றியதாக இருக்கட்டும். விலை போடும்போது பல பட்டறைகள் இணைகரத்தின் பரப்பை எடுக்காமல், அதைச் சுற்றி வரும் செவ்வகத்தின் பரப்பை எடுக்கும். ஏமாற்று இல்லை, அந்தச் செவ்வகத்திலிருந்துதானே வெட்டுகிறார்கள். ஒவ்வொரு பலகையிலும் டஃபன்டு என்பதைக் காட்டும் அழியாத முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். முத்திரை இல்லாததை எடுத்து வராதீர்கள்.

காடியா, கிளாம்ப்பா? மரக் கைப்பிடியும் மர அடிச்சட்டமும் இருக்கும் இடத்தில் காடிதான் எனக்குப் பிடித்தது. கண்ணாடியின் முழு நீளமும் பிடிபடும், லேமினேட்டட் என்றால் உடைந்தாலும் துண்டுகள் சட்டத்துக்குள் நிற்கும். காடி வெட்டும்போது மேல் காடியின் ஆழம் கீழ் காடியைவிட அதிகமாக இருக்க வேண்டும். கீழே 10 மி.மீ. ஆழம் என்றால் மேலே 22 மி.மீ. போல வையுங்கள். பலகையை முதலில் மேல் காடிக்குள் முழுதும் தூக்கிச் செருகி, அடியை உள்ளே தள்ளி, கீழ் காடிக்குள் இறக்குவதுதான் முறை. இறங்கிய பிறகும் மேலே 12 மி.மீ. காடிக்குள் இருக்கும். சாய்வுப் பலகையிலும் தூக்குவதும் இறக்குவதும் செங்குத்தாகவே நடக்கும் என்பதால், இந்த ஆழத்தைச் செங்குத்தாக அளக்க வேண்டும், சாய்வுக்கு நேர்குறுக்காக அல்ல. காடியின் அகலத்தில் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ரப்பர் பட்டை போக இடம் விடுங்கள். மரம் மழைக்காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். இறுக்கமாகச் செருகிய கண்ணாடிக்கு அது தேவையில்லாத அழுத்தம்.

இரும்பு அல்லது ஸ்டீல் போஸ்ட் என்றால் கிளாம்ப். கிளாம்ப்புக்குள் வரும் ரப்பர் உங்கள் கண்ணாடியின் தடிமனுக்கே உரியதாக இருக்க வேண்டும், 8.76-க்கு 8 மி.மீ. ரப்பர் சரிவராது. மேடையில் நேராக நிற்கும் பலகை அதன் எடையோடு கிளாம்ப்பில் அமைதியாக நிற்கும். சாய்வுப் பலகை நாள்பட மெல்ல மெல்லக் கீழே நழுவப் பார்க்கும். 10 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் 25 கிலோ, நாம் எடுத்துக்கொண்ட பலகையே ஏறத்தாழ 16 கிலோ. ரப்பரின் பிடியை மட்டும் நம்பி அதை வருடக்கணக்கில் விடக் கூடாது. கண்ணாடியில் முன்பே துளையிட்டு, கிளாம்ப்புக்குள் பாதுகாப்பு ஊசி போகும் வகையோ, கீழ் விளிம்பைத் தாங்கும் தட்டு உள்ள வகையோ வாங்குங்கள். முறுக்குவது கையால், ஆலன் சாவியால். ட்ரில்லை வைத்து முறுக்கினால் எப்போது நிறுத்துவது என்று கைக்குத் தெரியாது.

பொருத்தும் நாளில் பழைய கம்பிகளை எல்லாம் ஒரே மூச்சில் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடிக்காகக் காத்திருக்காதீர்கள். மாதிரி எடுக்கக் கழற்றியே ஆக வேண்டும் என்றால், எடுத்தவுடன் குறுக்குப் பலகைகள் அடித்து மூடுங்கள். டஃபனிங் முடிந்து வரச் சில நாட்களோ வாரங்களோ ஆகலாம், அதுவரை வீட்டில் இரவில் எழுந்து நடப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய வீடு என்றால் கம்பிகளில் இருக்கும் பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு உண்டு. உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாமல், முதலில் சோதித்துப் பாருங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தத் தூசிக்கு அருகில் வரக் கூடாது.

கண்ணாடியைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், வெட்டுப்படாத கையுறையும் மூடிய செருப்பும் கண்ணுக்குக் கவசமும் வேண்டும், உறிஞ்சு பிடி இருந்தால் இன்னும் நல்லது. டஃபன்டு பலகையின் முகத்தில் கையால் ஓங்கித் தட்டினாலும் ஒன்றும் ஆகாது. அதே பலகையின் மூலையை டைல்ஸ் தரையில் மெதுவாக ஊன்றினால்கூட மொத்தமும் கொட்டிப் போகலாம். விளிம்புதான் அதன் பலவீனம். அதனால் எப்போதும் செங்குத்தாகவே சுமந்து, மரக்கட்டை மீதோ ரப்பர் விரிப்பு மீதோ மட்டும் இறக்குங்கள். பொருத்தும் இடத்தில் கண்ணாடி எந்த உலோகத்தையும், ஸ்க்ரூ தலையையும், கல்லையும், அடுத்த கண்ணாடியையும் நேரடியாகத் தொடக் கூடாது. கீழ்க் கிளாம்ப்பில் உட்காரவைத்து, ரசமட்டம் பார்த்து, மேல் கிளாம்ப்பை மூடி, எல்லாப் பலகையும் நின்ற பிறகு மொத்தமாக ஒரு சுற்று இறுக்குங்கள். சாய்வாகப் பார்த்தால் மங்கலான புள்ளி வரிசையோ லேசான அலையோ தெரியலாம். காற்றடித்துக் குளிர்வித்ததும் அடுப்பின் உருளைகளும் விட்ட தடம் அது, குறை என்று பதற வேண்டாம். விளிம்பு பச்சையாகத் தெரிவது கண்ணாடியில் இருக்கும் இரும்பினால். அது வேண்டாம் என்றால் இரும்பு குறைந்த கண்ணாடி என்று கேட்டு வாங்கலாம்.

சீலன்ட் பற்றியும் ஒரு சொல். லேமினேட்டட் விளிம்புக்கு அருகே வினிகர் வாசம் வரும் சிலிகானைப் பூசாதீர்கள். அந்த அமிலம் பி.வி.பி. படலத்தை விளிம்பிலிருந்து வெளுக்கவைத்துப் பிரித்துவிடும். நியூட்ரல் சிலிகான் என்று எழுதியதை வாங்குங்கள். கிளாம்ப், போஸ்ட் எல்லாம் வீட்டுக்குள் என்றால் 304 வகைத் துருப்பிடிக்காத ஸ்டீல் போதும், கடற்காற்று படும் இடத்தில் 316 வகை. கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போடலாமா என்று சிலர் கேட்பார்கள். எடை பாதியாகும், வீட்டிலேயே அறுக்கலாம், ஆனால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும், அதே தடிமனில் கண்ணாடியைவிட மிக அதிகமாக வளையும், எளிதில் தீப்பிடிக்கும். படிக்கு நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கண்ணாடி போட்ட மகிழ்ச்சியில் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். கண்ணாடியின் மேல் விளிம்பு எவ்வளவு மெருகாக இருந்தாலும், விழப்போகும் ஒருவரின் விரல்கள் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. 32 முதல் 50 மி.மீ. விட்டம் உள்ள உருண்டைக் கைப்பிடி கைக்கு அடங்கும். அது முதல் படியிலிருந்து கடைசிப் படிவரை முறியாமல் ஓட வேண்டும். முழங்கால் வலியோடு ஏறும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால், எதிர்ச்சுவரிலும் ஒன்று பொருத்துங்கள்.

முடித்த பிறகு கைப்பிடியை ஒவ்வொரு போஸ்டின் அருகிலும், இரண்டு போஸ்டுக்கு நடுவிலும் நின்று, இரண்டு கையாலும் மெதுவாகக் கூட்டிக் கூட்டித் தள்ளிப் பாருங்கள். மேலே விழுந்து சோதிக்க வேண்டாம். கண்ணாடி கடகடவென்று சத்தம் போட்டால் ரப்பர் தளர்வு. போஸ்ட் அடியில் அசைந்தால் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். சில மாதங்கள் கழித்து ரப்பர் அமுங்கியிருக்கும், எல்லாத் திருகையும் மறுபடி ஒரு முறை பார்த்து, பிறகு வருடத்துக்கு ஒரு முறை பாருங்கள். அப்போது விளிம்புகளில் விரலை ஓட்டாமல் டார்ச் அடித்துப் பாருங்கள். சிப்பி பெயர்ந்த மாதிரி ஒரு சிறு உடைப்பு தெரிந்தாலும், பலகை இன்னும் நிற்கிறதே என்று விடாமல் மாற்றிவிடுங்கள். அந்த நாளுக்காக எம்.டி.எஃப். மாதிரிகளையும், அளவெழுதிய தாளையும், தடிமனும் படலமும் குறித்த ரசீதையும் பரணில் எடுத்து வையுங்கள்.

உங்கள் படி மரமா கான்கிரீட்டா என்பதைக் கேள்வியில் எழுதவில்லை. போஸ்டின் அடியைக் காட்டும் ஒரு படமும், இரண்டு போஸ்டுக்கு இடையே உள்ள தூரமும் போடுங்கள். அதைப் பார்த்தால் நடுவில் எத்தனை போஸ்ட் சேர்க்க வேண்டும், காடியா கிளாம்ப்பா என்பதை இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும். அடி ஆடுகிறது என்று தெரிந்தால் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுப்பதை அதுவரை நிறுத்தி வையுங்கள்.